காலியாகக் கிடக்கும் இடம்: மாற்றுத்திறனாளி வண்டி நிறுத்தமும் 500 ரூபாய் அபராதமும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுத் திண்ணையில் ஒரு சண்டை. அடிதடி இல்லை. டீ கிளாஸோடு நாலு பேர் நாலு விதமாகப் பேசிக்கொண்ட சண்டை. அதில் நான் சொன்ன பதில்கள் எனக்கே திருப்தியாக இல்லை. பெங்களூர் திரும்பிய பிறகு ராத்திரி ராத்திரியாகப் படித்துக் குறிப்பெடுத்ததன் விளைவு இந்தப் பதிவு. நான் வக்கீல் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சண்டைக்குக் காரணம் என் பள்ளித் தோழன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்கு டிசைன் போடுகிறான். அவன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சாயங்காலம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அவன் வண்டிக்குப் பின்னால் நாலு பைக், பக்கத்தில் ரெண்டு பைக். அவன் நிறுத்தியிருந்தது சக்கர நாற்காலிப் படம் வரைந்த பலகைக்கு நேர் கீழே. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பைக்காரர் வந்தார். "அஞ்சு நிமிஷம்னு நெனச்சேன் சார்" என்றாராம்.

இதை அவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் சொன்னதும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

அத்தான்: "எப்பப் பாத்தாலும் அந்த எடம் காலியாத்தான மாப்ள கெடக்கு? சும்மா கெடக்குற எடத்துல அஞ்சு நிமிஷம் போட்டா என்ன கொறஞ்சிரும்?"

சித்தப்பா: "முட்டுவலியில நான் பத்தடி நடக்க முடியாம நடக்கேன். என்கிட்ட சர்டிபிகேட் இல்ல. அப்ப நான் எங்கிட்டுப் போய் வண்டியப் போட?"

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அஞ்சாயிரம் ரூபா ஃபைன் போடுங்க மாமா, ஒருத்தனும் போட மாட்டான்."

மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம்.

சைடு வீல் வண்டி

கால் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லாமல் கொடுப்பது, அரசு மொழியில், "இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்". நம்ம ஊரில் சைடு வீல் வண்டி. சாதாரண ஸ்கூட்டரின் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் சேர்த்திருப்பார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் மாற்றுத்திறனாளி ஓட்டும் வண்டி என்றால் பத்துக்கு ஒன்பது இதுதான். கார் அபூர்வம்.

சாதாரண ஸ்கூட்டரின் அகலம் 70 சென்டிமீட்டர் சுமார். என் தோழன் வண்டியை டேப் வைத்து அளந்தோம். 1 மீட்டர் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அகலம் மட்டும் பிரச்சினை இல்லை. அவன் வண்டியில் ரிவர்ஸ் கியர் கிடையாது. காலை ஊன்றிப் பின்னால் தள்ளவும் முடியாது. முன்னால் சுவர், பின்னால் பைக் என்றால் வண்டி அசையாது.

"மத்தவன் பின்னாடி கேரியரைப் புடிச்சு ஒரு தூக்கு தூக்கி நகட்டிட்டுப் போயிருவான் மாப்ள. நான் எங்கிட்டுத் தூக்க?" என்றான். நெரிசலான டூவீலர் ஸ்டாண்டில் நாம் எல்லோரும் யோசிக்காமல் செய்கிற வேலை அது. அந்த ஒரு தூக்கு முடியாதவருக்கு ஸ்டாண்டு முழுக்கப் பூட்டின கதவு.

3.6 மீட்டரும் 30 மீட்டரும்

நீலப் பலகையில் இருக்கும் சக்கர நாற்காலிப் படத்தை 1968-ல் வரைந்தவர் சூசன் கூஃபோட் என்ற டென்மார்க் நாட்டு வடிவமைப்பு மாணவி. அவர் வரைந்ததில் தலை இல்லை, வெறும் நாற்காலிதான். மறு வருஷம் வேறொருவர் ஒரு வட்டத்தைச் சேர்த்து அதை மனிதனாக்கினார்.

இந்தியாவில் மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் இரண்டு எண்களைத் தருகின்றன. வாயிலில் இருந்து அதிகபட்சம் 30 மீட்டர் தூரத்துக்குள் இரண்டு கார் இடம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொன்றின் அகலமும் குறைந்தது 3.6 மீட்டர். சாதாரணக் கார் நிறுத்தம் 2.5 மீட்டர் அகலம்தான். அந்தக் கூடுதல் ஒரு மீட்டர் சொச்சம் எதற்கு? கார்க் கதவை முழுசாகத் திறந்து, சீட்டுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியை வைத்து, ஒரு ஆள் நகர்ந்து உட்காருவதற்கு. கதவு பாதிதான் திறக்கும் என்றால் அவர் காருக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

ஆக இந்த இடம் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சேர்த்துத் தருகிறது. ஒன்று, கிட்டம். இன்னொன்று, அகலம். நாம் பொதுவாகக் கிட்டத்தை மட்டும்தான் பார்க்கிறோம். "வாசல் பக்கத்தில் நல்ல இடம், அதை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்று. சக்கர நாற்காலிக்காரருக்கு அதைவிட முக்கியம் அகலம். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

அத்தான் கேள்வி: "காலியாத்தான கெடக்கு?"

மூவரில் அத்தானுக்குப் பதில் சொல்லத்தான் நான் ரொம்பத் திணறினேன். காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஷாப்பிங் மாலில் நானே அப்படி ஒரு இடத்தில் காரைப் போட்டிருக்கிறேன். மழை, பின் சீட்டில் தூங்கிப்போன குழந்தை, "ஒரு அஞ்சு நிமிஷம்". யாரும் கேட்கவில்லை. யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவும் தெரியாது. இந்தத் தப்பின் தன்மையே அதுதான். பாதிக்கப்பட்டவர் வந்து பார்த்துவிட்டு, இடம் இல்லை என்று திரும்பிப் போயிருப்பார். நமக்குக் கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 50 வண்டி நிற்கும் ஒரு நிறுத்தம். அதில் 2 இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. (அமெரிக்கச் சட்டமும் 26 முதல் 50 வரையிலான நிறுத்தத்துக்கு 2 என்றுதான் சொல்கிறது.) ஒவ்வொரு வண்டியும் சராசரியாக ஒரு மணி நேரம் நிற்கிறது, எல்லாம் நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள்.

பொது இடங்கள் 48. மணிக்கு 48 வண்டி கிளம்பும். அதாவது சுமார் ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒரு இடம் காலியாகும். உங்களுக்கு முன்னால் நாலு வண்டி காத்திருந்தாலும் ஆறேழு நிமிஷத்தில் இடம் கிடைத்துவிடும்.

ஒதுக்கிய இடங்கள் 2. இரண்டிலும் "அஞ்சு நிமிஷ"க்காரர்கள் நிற்கிறார்கள் என்றால், மணிக்கு 2 வண்டிதான் கிளம்பும். மாற்றுத்திறனாளி சராசரியாக 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அவர் மற்ற 48-ல் ஒன்றுக்குப் போக முடியாது, அகலம் பத்தாது.

ஆக, அந்த இடத்தை எடுத்துக்கொள்வதால் நாம் மிச்சம் பிடிப்பது ஒன்றிரண்டு நிமிஷம், மிஞ்சினால் ஆறேழு. எதிராளிக்குப் போவது அரை மணி. "சமத்துவம் என்றால் முதலில் வந்தவருக்கு முதலிடம்தானே" என்று கேட்கலாம். ஆனால் முதலில் வந்தவருக்கு 50 வாய்ப்பு இருக்கிறது, இவருக்கு இரண்டுதான்.

இதை அத்தானுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது எங்கள் ஊர் உதாரணமே கையில் இருந்தது. பட்டாசு ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெறும் பொட்டல். ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று கணக்கு. வெளியாள் பார்த்தால் "இவ்வளவு நிலம் வீணாகக் கிடக்கிறதே" என்று தோன்றும். அந்தப் பொட்டல் வீண் இல்லை. ஒரு அறை வெடித்தால் அடுத்த அறை வெடிக்காமல் இருப்பதற்கான இடைவெளி அது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் செத்துப்போனார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். இந்த வட்டாரத்து விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களில் இரண்டு: அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அறைக்கு வெளியே மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வைத்து வேலை. சீசன் நேரம், ஆர்டர் நெருக்கடி, "சும்மாதானே கிடக்கிறது".

வண்டி நிறுத்தத்தில் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் தர்க்கம் ஒன்றுதான். சில இடங்கள் காலியாக இருப்பதே அவற்றின் வேலை. ஆம்புலன்ஸ் காலியாக நிற்கிறது என்று அதில் யாரும் சரக்கு ஏற்றுவதில்லை.

சித்தப்பா கேள்வி: "சர்டிபிகேட் இல்லாத நான் எங்க போட?"

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம். 1995-ம் வருஷச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றுக்கொண்டது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. சான்றிதழில் சதவீதம் போடுகிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். தேசிய அடையாள அட்டையிலும் 40 முதல் 80 வரை மஞ்சள் பட்டை, 80-க்கு மேல் நீலப் பட்டை.

இங்கேதான் சிக்கல். அந்தச் சதவீதம் அளப்பது உடலில் எவ்வளவு இழப்பு என்பதை. வண்டி நிறுத்த இடத்துக்குத் தேவையான கேள்வி வேறு: இவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், இறங்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு கையை இழந்தவருக்குச் சதவீதம் அதிகமாக வரும், 200 மீட்டர் நடப்பதில் தடை இல்லை. முட்டி தேய்ந்துபோன என் சித்தப்பாவுக்குச் சதவீதமே கிடையாது, 50 மீட்டர் நடந்தால் உட்கார இடம் தேடுவார்.

பிரிட்டனில் இந்த அட்டை 1971-ல் ஆரஞ்சு நிறத்தில் வந்தது. 2000-ல் இருந்து நீலம். அங்கே தகுதிக்கு ஒரு வழி, 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியுமா என்ற சோதனை. 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடுகளையும், ஆட்டிசம், கடுமையான மனப்பதற்றம் போன்றவற்றையும், கணக்கில் எடுக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு முக்கியமான விஷயம், அந்த அட்டை வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். மகன் காரில் போனாலும், டாக்சியில் போனாலும் அட்டையை எடுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம்.

நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 2019 திருத்தத்துக்கு முன்னால் தனியாகவே வடிவமைத்துக் கட்டிய வண்டி மட்டும்தான் கணக்கு, சாதாரண வண்டியை மாற்றி அமைத்தால் ஆகாது. திருத்தம் அதையும் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் மனைவியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் மாற்றுத்திறனாளிக்கு அதனால் ஒன்றும் இல்லை.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. பட்டாசு விபத்தில் பிழைத்தவர்கள். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்கள் மடங்கி ஒட்டிக்கொள்ளும். நடப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் நெரிசலில் மாட்டிய வண்டியைப் பிடித்து இழுக்கக் கை கூடாது. 2016 சட்டத்தின் அட்டவணையில் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் தனி வகை. வெடிமருந்தில் கருகியவர்களுக்கு அப்படித் தனி வகை இல்லை, இயக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்பில்தான் வர வேண்டும். அந்தத் தலைப்புக்குச் சட்டம் தரும் விளக்கத்தைப் படித்தபோது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். தன்னை நகர்த்துவதும் பொருள்களை நகர்த்துவதும் என்று இரண்டையும் சொல்கிறது. முதலாவது கால். இரண்டாவது கை. நம் வண்டி நிறுத்தங்கள் யோசிப்பதெல்லாம் முதலாவதைப் பற்றி மட்டும்தான்.

ஆக சித்தப்பாவுக்கு என் பதில்: உங்களுக்கு வேண்டியது கிட்டம். என் தோழனுக்கு வேண்டியது அகலமும் தடையில்லாத வெளி வழியும். இரண்டையும் ஒரே பலகைக்குக் கீழே வைத்ததால்தான் நீங்களும் அவனும் ஒரே இடத்துக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது. வாசல் பக்கத்தில் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகளுக்கு ஒரு வரிசை, சாதாரண அகலத்தில் இருந்தாலே போதும். அதற்குச் சான்றிதழும் கேட்க வேண்டாம். அகலமான இடம் மட்டும் தனியே இருக்கட்டும்.

இப்படிப் பிரிப்பது புதுசு இல்லை. கலிபோர்னியாவில் அட்டை வைத்திருந்தால் தெருவோர மீட்டருக்குக் காசு கட்ட வேண்டாம். அட்டைக்கு ஏகக் கிராக்கி. 2017-ல் அந்த மாநிலத் தணிக்கையாளர் பார்த்தபோது, 100 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பெயரில் ஏறக்குறைய 26,000 அட்டைகள் இருந்தன. மாநிலத்தில் அந்த வயதுக்காரர்களே சுமார் 8,000 பேர்தான். மிச்சத்தில் பல, செத்துப்போனவர்கள் பெயரில் இருந்தவையாகத்தான் இருக்க வேண்டும். மிச்சிகன் மாநிலம் வேறு வழி போனது. 1995-ல், காசு போட முடியாத அளவுக்குக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் இலவசம் என்று இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். முன்பு இலவசம் அனுபவித்தவர்களில் சுமார் 2 சதவீதம் பேர்தான் புது அட்டை வாங்கினார்கள். வாகன நிறுத்தப் பொருளாதாரத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகச் செய்த டொனால்ட் ஷூப் இதைத்தான் உதாரணம் காட்டுவார். இடம் கொடுங்கள், ஆனால் ஏமாற்றினால் லாபம் என்ற நிலையை உருவாக்காதீர்கள் என்பது பாடம்.

அக்கா மகள் கேள்வி: "அஞ்சாயிரம் ஃபைன் போட்டா?"

முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளி இடத்தில் வண்டி போட்டதற்கென்று மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. பொதுவான பிரிவு 177-க்குள்தான் வரும். முன்பு 100 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500, மறு தடவை 1,500. தமிழ்நாட்டில் இந்தப் புதுத் தொகைகள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. கலிபோர்னியாவில் இதே தப்புக்குக் குறைந்தபட்சம் 250 டாலர். பிரிட்டனில் அட்டையைத் தப்பாகப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை.

அப்படியானால் ஏற்ற வேண்டியதுதானே? இங்கே மூன்று கதை சொல்ல வேண்டும்.

முதல் கதை. 1960-களில் கேரி பெக்கர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒரு மாணவருக்குத் தேர்வு நடத்த அவசரமாகப் போகிறார். முறையான நிறுத்தத்தில் போட்டால் காசு, நேரம். தெருவில் போட்டால் மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். மாட்டும் வாய்ப்பை அபராதத்தோடு பெருக்கிப் பார்த்தார், தெருவிலேயே போட்டார். மாட்டவில்லை. குற்றத்தின் பொருளாதாரம் என்ற துறை அங்கிருந்து தொடங்கியது. 1992-ல் நோபல் பரிசு வாங்கியபோது இந்தக் கதையை அவரே சொன்னார்.

அவர் கணக்கை நம்ம ஊருக்குப் போடுவோம். மாட்டும் வாய்ப்பு 200-ல் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். 500 ரூபாய் அபராதத்தின் எடை ஒரு தடவைக்கு இரண்டரை ரூபாய். அக்கா மகள் சொன்ன 5,000 என்றால் 25 ரூபாய். சும்மா 200 ரூபாய் அபராதம், ஆனால் நாலில் ஒரு தடவை நிச்சயம் மாட்டும் என்றால் 50 ரூபாய்! சின்ன அபராதம் நிச்சயமாக வருவது, பெரிய அபராதம் எப்போதாவது வருவதைவிடக் கனமானது.

இரண்டாவது கதை. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களின் வண்டிகளுக்கு அபராதம் போடலாம், வசூலிக்க முடியாது. 1997 முதல் 2002 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேலான கட்டாத ரசீதுகள். 2002 அக்டோபரில், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பிடுங்க நகரத்துக்கு அதிகாரம் கிடைத்தது. மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்தன.

மூன்றாவது கதை. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் தாமதமாக வருவதைக் குறைக்கச் சின்ன அபராதம் வைத்துப் பார்த்தார்கள். தாமதம் கூடிவிட்டது! டீச்சர் காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், "காசு கட்டுகிறோமே" என்று ஆகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்தும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-ல் இதை எழுதிய நீசி, ரஸ்டிசினி இருவரும் கட்டுரைக்கு வைத்த தலைப்பே அபராதம் என்பது ஒரு விலை என்பதுதான்.

இதோடு நியாயம் என்ற கேள்வியும் இருக்கிறது. 500 ரூபாய் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவருக்குச் சுமாராக ஒரு நாள் கூலி. ஆலை முதலாளிக்கு அது சில்லறை. பின்லாந்தில் 1921-ல் இருந்து சில குற்றங்களுக்கு அபராதம் நாள் வருமானக் கணக்கில். 2002-ல் வேகமாகப் போன ஒரு நோக்கியா அதிகாரிக்கு 1,16,000 யூரோ போட்டார்கள், மேல்முறையீட்டில் குறைந்தது. அங்கேயே சாதாரண பார்க்கிங் அபராதம் எல்லோருக்கும் ஒரே தொகைதான். வருமானச் சான்றிதழ் வாங்கிப் பார்க்கிங் அபராதம் போடுவது நம்ம ஊரில் நடக்கிற காரியம் இல்லை. அதனால் தொகையை ஏற்றுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. யாரிடம் வசூலிப்பது என்பதுதான் நல்ல கேள்வி.

சட்டம் கை காட்டும் ஆள்

2016 சட்டத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது இது. அது வண்டி போட்டவரைப் பற்றிப் பேசவே இல்லை. இடத்தை நடத்துபவரைப் பற்றித்தான் பேசுகிறது. பிரிவு 41, பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்களில் வண்டி நிறுத்தமும் அணுகல் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 44-ன்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டடத்துக்கு அனுமதியும் தரக்கூடாது, முடிவுச் சான்றிதழும் தரக்கூடாது. பிரிவு 89-ல் தண்டனை: முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறலுக்கு 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் வரை.

பிறகு ஏன் நடக்கவில்லை? ஒரு காரணம் 2024 நவம்பர் 8-ல் வெளிச்சத்துக்கு வந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் "கட்டாயம்" என்கிறது. ஆனால் 2017 விதிகளின் 15-வது விதி, தரங்களை வெறும் வழிகாட்டுதல்களாக வைத்திருந்தது. இப்படி வைத்தது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் உருவாக்க உத்தரவிட்டது. ஒரு வழக்கு 19 வருஷம்!

இந்தத் திசை எனக்குச் சரியாகப் படுகிறது. ஆஸ்பத்திரியிலோ கல்யாண மண்டபத்திலோ போலீஸ் வந்து ரசீது போடப் போவதில்லை. ஆனால் அங்கே ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் டூவீலர் ஸ்டாண்டுகள் குத்தகைக்கு விடப்படுகின்றன. டோக்கன் கொடுக்க ஒருவர் காலை முதல் ராத்திரி வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஒதுக்கிய இடத்தை மறித்தால் குத்தகைதாரருக்கு அபராதம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். டோக்கன் கொடுப்பவரே "அங்க போடாதண்ணே" என்று சொல்லிவிடுவார். பெக்கர் கணக்கில் மாட்டும் வாய்ப்பு 200-ல் ஒன்றில் இருந்து கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாக ஆகிவிடும். அபராதமே தேவைப்படாது.

அளவு டேப்பும் ஒரு டப்பா பெயிண்டும்

கடைசியாக அந்த இடத்தின் வடிவம். விதி கார் அளவில் யோசிக்கிறது, எங்கள் ஊரில் வருவது சைடு வீல் வண்டி. விதிப்படி ஒதுக்கும் 3.6 மீட்டர் அகலக் கார் இடத்தில் ஒவ்வொன்றும் 1.5 மீட்டருக்கு மேல் விட்டு இரண்டு சைடு வீல் வண்டி தாராளமாக நிற்கும். நிபந்தனை ஒன்று: முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். நேராக உள்ளே, நேராக வெளியே, ரிவர்ஸுக்கே வேலை இல்லை. வரிசையின் ஓரத்தில், வெளிவாசல் பக்கம் இருந்தால் நல்லது. பக்கவாட்டில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டுவிட்டால் இடையில் யாரும் பைக்கைச் செருக முடியாது.

இதைத் தாளில் வரைந்து தோழனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அபராதக் கணக்கையும் சேர்த்து. அவன் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டான்: "ஃபைன் கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. எனக்கு யாரும் காசு கட்ட வேணாம். வண்டி வெளிய வந்தாப் போதும். அந்தக் கம்பத்த மட்டும் கொஞ்சம் உயரமா வரைஞ்சிரு, குட்டையா இருந்தா அது மேலயே ஏத்தி நிப்பாட்டிருவாய்ங்க."

படத்தில் கம்பத்தை ஒரு மீட்டர் உயரமாக்கியிருக்கிறேன். அம்மா இருந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகிக்கு அவனும் நானும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம், இந்தப் படத்தோடு. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். உங்கள் ஊர் ஸ்டாண்டில் இப்படி ஓர் இடம் ஏற்கனவே ஒழுங்காக நடக்கிறது என்றால் அதன் அளவை எனக்கு எழுதுங்கள். அத்தானிடம் காட்ட வேண்டும்.